பதினான்காவது தலை

2006ஆம் ஆண்டு, கோடை விடுமுறைக்கு என்ன வேலை கிடைத்திருக்கிறது என்று அம்மா திருகோணமலையிலிருந்து போனில் கேட்டார். "காம்ப் கவுன்சிலர்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மெல்லிய குரலில் கேட்டார்: "எந்தக் காம்ப், பிள்ளை?"

எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். திருகோணமலையில் காம்ப் என்றால் ஆமிக் காம்ப், இல்லாவிட்டால் அகதிக் காம்ப். 2004 டிசம்பருக்குப் பிறகு சுனாமிக் காம்ப் என்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் பாட்டுப் பாடி, பந்து எறிந்து, கலர்க் கடதாசி வெட்டி ஒட்டுவதற்கும் ஒரு காம்ப் உண்டு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நான் விளங்கப்படுத்தப் படுத்த நிலைமை இன்னும் மோசமானது. ஏனென்றால் நான் போகவிருந்த இடம் உண்மையாகவே ஒரு நேவிக் காம்ப்புக்குள் இருந்தது. அமெரிக்க நேவி என்றாலும் நேவி நேவிதானே.

மாமாவுக்கு மற்றச் சொல் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. பிள்ளை அமெரிக்காவில் கவுன்சிலராகிவிட்டாள் என்று உவர்மலை முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஏதோ நகரசபைத் தேர்தலில் நான் வென்றுவிட்ட மாதிரி.

பதினைந்து வயதில் என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அது நியூ ஜேர்சி. பிறகு படிப்புக்காக வெர்ஜினியா. பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் அந்த வேலை விளம்பரத்தைப் பார்த்தேன். நோர்போக் பக்கம் கடற்படைத் தளங்களுக்குக் குறைவில்லை, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், பிறகு என் பிழை ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

வேலை என்னவென்றால், பள்ளிக்கூடம் விட்டதும் ஜூன் முதல் ஓகஸ்ட் முடியும்வரை, படையில் இருப்பவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது. என் குழுவில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் பதினாலு பேர். அப்பா கப்பலில் இருப்பார், அம்மா ஆஸ்பத்திரியில் வேலை. அல்லது அம்மாதான் மாலுமி, அப்பா கடையில். சில வீட்டில் இருவருமே சீருடை. காலை ஆறு மணிக்கே பிள்ளையைத் தூக்கக் கலக்கத்தோடு கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடுவார்கள். கட்டணம் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் போடுவார்கள். புதிதாகச் சேர்ந்த மாலுமியின் பிள்ளையும் கப்டனின் பிள்ளையும் ஒரே மேசையில் ஒரே பசையை ஒட்டுவார்கள், வீட்டுக்குப் போகும் ரசீதில் தொகை மட்டும் வேறு. இது எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கிறது.

வேலை தொடங்குமுன் பயிற்சி. எங்கள் பின்னணி எல்லாம் துருவித் துருவிப் பார்த்தார்கள், கைரேகை வாங்கினார்கள். 1980களில் படைத்தளங்களின் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களில் நடந்த துஷ்பிரயோகங்கள் வெளியே வந்து, அதன் பிறகு 1989இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் நிழல் அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு மூலையிலும் விழுந்திருந்தது. எல்லாக் கதவிலும் கண்ணாடி. வளர்ந்த ஒருவர் ஒரு பிள்ளையோடு தனியாக ஓர் அறையில் இருக்கவே கூடாது. அடிப்பது கிடையாது, கையைப் பிடித்து இழுப்பது கிடையாது, சாப்பாட்டை மறுத்துத் தண்டிப்பது கிடையாது. பிள்ளையின் உடம்பில் காயத்தைக் கண்டால் அறிவிக்காமல் இருப்பது எங்கள் குற்றம். முதல் நாள் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. எங்களை எல்லாம் கள்ளர் மாதிரிப் பார்க்கிறார்களே என்று. இப்போது எங்கள் ஊர் டியூஷன் கொட்டில்களைப் பார்க்கும்போது, கதவுக்கு ஒரு கண்ணாடி வைத்தால் என்ன குறைந்துபோகும் என்று தோன்றுகிறது. சரி, அதை விடுவோம்.

பாட்டு, விளையாட்டு, நீச்சல், தர்ப்பூசணி விதை துப்பும் போட்டி, இதெல்லாம் உண்டுதான். ஆனால் ஒரு நாளில் நான் அதிகம் செய்த வேலை எண்ணுவது. மைதானத்துக்குப் போகுமுன் எண்ண வேண்டும், போன பின் எண்ண வேண்டும். கதவைத் தாண்டினால் எண்ண வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது, இறங்கும்போது, கழிப்பறை வரிசையில், ஒன்றுமே நடக்காவிட்டாலும் அரை மணிக்கொரு தரம். எண்ணி, நேரத்தோடு தாளில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். வெறும் தலையை எண்ணினால் போதாது, பெயரையும் முகத்தையும் பொருத்த வேண்டும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒரு பெயரைச் சொல்லு, அந்த முகத்தைப் பார், பிறகுதான் அடுத்த பெயர். நான் தலையாட்டினேன். பதினாலு பேரைத்தானே, இதற்கென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

காலை எட்டு மணிக்கு ஒன்று நடக்கும். கொடி ஏற்றும் ஒலி ஒலிபெருக்கியில் வரும். அந்த நேரத்தில் தளத்தில் வெளியே இருக்கும் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும். ஓடுகிற கார் நிற்கும். நடக்கிறவர் கொடிப் பக்கம் திரும்பி நிற்பார். எங்கள் மைதானத்தில் ஊஞ்சலில் பாதி உயரத்தில் இருந்த பிள்ளைகூடக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்திவிட்டு இறங்கி நிற்கும். ஐந்து வயதுப் பிள்ளை, மூக்கு ஒழுக ஒழுக, ஆடாமல் நிற்கும். முதல் நாள் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. சத்தம் வந்ததும் எல்லாரும் உறைந்ததைப் பார்த்து நானும் உறைந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் பிறகு என்னைப் பாராட்டினாள், உனக்கு நல்ல பழக்கம் என்று. ஆமிச் சென்றிக் காவலரணைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு நடந்து பழகிய உடம்பு இது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்தப் பிள்ளைகள் ஒரு தனி இனம். "நீ எந்த ஊர்?" என்று கேட்டால் முழிப்பார்கள். "எங்கே பிறந்தது என்று கேக்கிறியா, இப்ப எங்கே இருக்கிறது என்றா?" ஒரு படைவீரர் பிள்ளை பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஆறு முதல் ஒன்பது தடவை பள்ளிக்கூடம் மாறும் என்று அங்கே சொல்வார்கள். அதனால் பத்து நிமிடத்தில் சிநேகிதம் பிடிப்பார்கள். புதிதாக வந்த பிள்ளையிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெயர் அல்ல, "எப்ப போறாய்?" என்பதுதான். திருகோணமலை அவர்கள் வாயில் நுழையவில்லை. ட்ரிங்கோமலீ என்று வெள்ளைக்காரன் வைத்த பெயரைச் சொன்னேன், அதையும் சுருக்கினார்கள். கோடை முடியும்வரை நான் ‘மிஸ் ட்ரிங்கோ’.

அவர்களுள் ஒருவன் எனக்குள் சங்கிலிக்காரன். எட்டு வயது, முன் பல் இரண்டும் இல்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. அப்பாவோ அம்மாவோ கடலுக்குப் போனால், திரும்பி வரும் நாள்வரை நாளுக்கு ஒன்றாகக் கடதாசி வளையங்கள் செய்து சங்கிலியாகக் கோத்து வீட்டில் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு இரவும் ஒன்றைக் கிழிப்பார்கள். சங்கிலி முடியும் நாள் கப்பல் வரும். சிலர் போத்தலில் சொக்லேட்டை எண்ணிப் போட்டு வைப்பார்கள், படுக்கப் போகுமுன் ஒன்று. இவன் சங்கிலியை ஒரு துணிப்பையில் சுருட்டிக் காம்ப்புக்கே கொண்டுவருவான். வீட்டில் தங்கச்சி கிழித்துவிடுவாளாம்.

மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் ஒரே கப்பலில் போய் ஒரே நாளில் வருவார்கள். துறைமுகத்தில் பட்டாளமாகக் கூடிப் பதாகை பிடித்து, பாண்ட் வாசித்து, அது ஒரு திருவிழா. இவனுடைய அப்பா கதை வேறு. அந்த வருடங்களில் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ஆள் போதாமல், கப்பலில் வேலை செய்தவர்களையும் தனித்தனியாகப் பிடுங்கித் தரைக்கு அனுப்பினார்கள். கடலுக்கென்று சேர்ந்த மனுஷன் பாலைவனத்தில் நின்றார். அவர் திரும்புவதும் தனியாகத்தான், ஏதாவது ஒரு விமானத்தில். திகதி உறுதி இல்லை. பதாகை பிடிக்கக் கூட்டமும் இல்லை.

ஜூலை முடியும் சமயம். மைதானத்திலிருந்து பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்தேன். கதவடியில் எண்ணினேன். பதினாலு. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாறும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்பிள்ளை வந்து என் சட்டையை இழுத்தாள். தன் தம்பி ஏன் என் வரிசையில் நிற்கிறான் என்று கேட்டாள். பார்த்தால், சின்னப் பிள்ளைகள் குழுவில் உள்ள ஒருவன் பிஸ்கட்டைக் கண்டு எங்கள் வரிசைக்குள் நுழைந்திருக்கிறான். நான் எண்ணிய பதினாலாவது தலை அவனுடையது.

அப்படியென்றால் என் பதினாலாவது எங்கே?

அந்தக் கணத்தில் காதுக்குள் ஒரு சத்தம் கேட்கும் பாருங்கள், கடல் பின்வாங்கும்போது கேட்கும் சத்தம். வயர்லெஸ்ஸில் சொன்னேன். வெளிக்கதவுகளை மூடினார்கள். மைதானம், கழிப்பறை, வாகனத் தரிப்பிடம். பதினோரு நிமிடம். அது என் கணக்கல்ல, பிறகு அறிக்கையில் எழுதிய கணக்கு.

சித்திர அறையில், கை கழுவும் தொட்டிக்குக் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். மடியில் சங்கிலி. ஒரு கையில் ஸ்டேப்ளர். சுற்றிலும் சிவப்பும் நீலமுமாகக் கடதாசிக் கீற்றுகள். அன்று காலை வரும் வழியில் அம்மா அவனிடம் சொல்லியிருக்கிறார், அப்பா வருவது ஒரு மாதம் தள்ளிப் போய்விட்டது என்று. அவன் முப்பது வளையம் கூட்டிக்கொண்டிருந்தான். "இன்னும் ஒன்பது இருக்கு" என்றான், என்னை நிமிர்ந்து பார்க்காமல்.

எனக்கு அவன் பக்கத்தில் போய் நிலத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார முடியாது. அறையில் நானும் அவனும் மட்டும். அதனால் ஒரு காலால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, பாதி உடம்பு வராந்தாவில், பாதி உடம்பு அறைக்குள்ளாக நின்று, வயர்லெஸ்ஸில் "இருக்கிறான்" என்றேன். இன்னொருவர் வரும்வரை அப்படியே நின்றேன். அவன் அதற்குள் இரண்டு வளையம் முடித்துவிட்டான். அந்த ஸ்டேப்ளர் சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மிச்சம் ஏழையும் எல்லாருமாக நடு மேசையில் இருந்து செய்தோம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு பிள்ளை மட்டும், தன் அப்பாவுக்கும் போன முறை இரண்டு தடவை தள்ளிப் போட்டார்கள் என்று, மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னான்.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை தந்தார்கள், திரும்பவும் ஒரு நாள் பயிற்சி. அதில் ஒரு அநியாயமும் இல்லை. எண் சரி, முகம் பிழை. இதற்காகத்தான் பெயரையும் முகத்தையும் பொருத்து என்று முதலிலேயே சொன்னார்கள். அன்று பின்னேரம் அவன் தாயிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "முப்பதா செய்தான்? முப்பத்தொன்று, ஓகஸ்டுக்கு" என்றார்.

அது முடிந்து ஒரு கிழமைகூட ஆகியிருக்காது, மூதூரில் சண்டை தொடங்கிவிட்டது. மாவிலாற்றில் தொடங்கியது மூதூருக்கு வந்து, சனம் முழுவதும் கந்தளாய்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மூதூர் எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம், கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம். அடிக்கிற ஷெல்லுக்கு ஜன்னல் எல்லாம் அதிருது என்றார் அம்மா. எனக்கு அங்கே விடியற்காலை, ஊரில் பின்னேரம். வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு நாளும் போன் பண்ணுவேன். அம்மா செய்தி சொல்லமாட்டார், ஆட்களைத்தான் சொல்வார். "அப்பா இருக்கிறார். தம்பி இருக்கிறான். மாமி வீட்டில மூண்டு பேரும் இருக்கினம். பெரியம்மா இஞ்சதான், குசினிக்க." இவ்வளவும் சொல்லி முடித்த பிறகுதான் "நீ சாப்பிட்டியா?" வரும்.

அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. 1990இல் நாங்கள் வீட்டை விட்டு ஓடி ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். எனக்கு ஐந்து வயது. வகுப்பறையில் நாலைந்து குடும்பம், பாய்க்குப் பாய் ஒட்டி. இரவில் அம்மா எழும்பி எங்கள் தலையைத் தொட்டுத் தொட்டு, பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு போவார். இருட்டில் பிறத்தியார் பிள்ளையின் தலையில் கை பட்டால் நின்று தடவிப் பார்ப்பார். எனக்குப் பயிற்சியில் தாள் தந்து கற்பித்ததை அவர் யாரும் சொல்லித் தராமல் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

அந்தக் கிழமையில் ஒரு நாள் மத்தியானம் நான் பேயறைந்தது போல் இருந்திருக்க வேண்டும். சங்கிலிக்காரன் வந்து பக்கத்தில் இருந்தான். மேசையில், பத்துப் பேருக்கு நடுவில்தான். "உங்கட அப்பாவும் சண்டைக்குப் போயிருக்கிறாரா?" என்று கேட்டான்.

"இல்லை. வீட்டிலதான் இருக்கிறார்."

"நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்" என்றான். நிஜமாகவே பொறாமையோடு சொன்னான். நான் கோப்பைகளை அள்ளிக்கொண்டு தொட்டிக்குப் போய், கழுவியவற்றைத் திரும்பவும் கழுவினேன்.

அவன் சங்கிலி முடிவதற்குள் என் விடுமுறை முடிந்துவிட்டது. அப்பா வந்தாரா என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளின் விலாசமோ போன் நம்பரோ நாங்கள் வாங்கக்கூடாது, அதுவும் விதி. அடுத்த கோடையும் அதே இடத்துக்குப் போனேன். அவன் குடும்பம் வேறு தளத்துக்கு மாறிப் போய்விட்டது என்றார்கள். கேட்டிருக்கவே தேவையில்லை.

இதெல்லாம் இப்போது எழுதக் காரணம் இங்கே நடந்த ஒன்று.

அப்பா போன பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்துவிட்டேன். கோட்டைக்குக் கிட்ட ஒரு வாசிகசாலை மண்டபம். போன ஓகஸ்ட் விடுமுறையில் அதைக் கேட்டு வாங்கி, இரண்டு கிழமைக்கு ஒரு பிள்ளைகள் காம்ப் நடத்தினேன். காம்ப் என்று நோட்டீசில் போட வேண்டாம் என்று வாசிகசாலைப் பெரியவர் சொன்னார். ‘விடுமுறைக் கூடல்’ என்று போட்டோம். பிள்ளைகள் முதல் நாளே அதைக் காம்ப் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு அந்தச் சொல்லில் ஒரு பாரமும் இல்லை.

இருபத்திரண்டு பிள்ளைகள். கச்சான் காற்று ஊதி வாய்க்குள்ளும் மண். கண்ணாடிக் கதவுக்கு வழியில்லை, அதனால் கதவுகளையே கழற்றி வைத்துவிட்டேன். பெரியவர் ஒரு மாதிரிப் பார்த்தார். என்னோடு எப்போதும் இரண்டு அக்காமார். பேப்பர் தொப்பி, கடற்கரையில் சிப்பி பொறுக்குதல், பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் கிளித்தட்டு. வெர்ஜினியாவில் ஐம்பது விளையாட்டுப் பழகி வந்தேன், கிளித்தட்டுக்கு முன்னால் ஒன்றும் எடுபடவில்லை. யார் காய், யார் பழம் என்று அவர்கள் சண்டை பிடிப்பதைத் தீர்க்கவே எனக்கு ஒரு உதவியாளர் வேண்டியிருந்தது.

ஒரு நாள் கடதாசிச் சங்கிலி சொல்லிக் கொடுத்தேன். அலங்காரத்துக்குத்தான். செய்யும்போது அந்தப் பையனின் கதையையும் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி, அம்மா குவைத்தில் வீட்டு வேலை, அம்மம்மாவோடு இருக்கிறாள். "டீச்சர், ரெண்டு வருசத்துக்கு எத்தனை வளையம்?" என்றாள். எழுநூற்று முப்பது என்றேன். அவள் மேசையில் இருந்த கடதாசிக் கட்டைப் பார்த்தாள். போதாது என்று அவளுக்கே தெரிந்தது. பிறகு மாதத்துக்கு ஒன்று போடுவோம் என்று முடிவெடுத்தோம். இருபத்துநாலு. அம்மா போய் எட்டு மாதம், அதனால் பதினாறு. ஒவ்வொன்றிலும் மாதத்தின் பெயரைப் பென்சிலால் எழுதினாள். ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் சங்கிலியில் பாதி இல்லை. கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே மான்கள் மாடு மாதிரித் தெருவில் திரியும், குப்பைத் தொட்டியில் வாய் வைக்கும். கோதுமை மாப் பசை போட்டு ஒட்டியிருந்தோம், மான் விடுமா? நான் பதறிப்போனேன். அவள் மிச்சத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏழு மாதத்தை மான் திண்டிட்டுது, அம்மா கெதியா வந்திடுவா" என்று சிரித்தாள்.

இரண்டாவது கிழமை தொடக்கத்தில் ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். சிங்களத் தாய். புருஷன் நேவியில், பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கிறார்கள். "டீச்சர், புத்தாவையும் எடுக்க ஏலுமா? வீட்டில தனிய." புத்தா என்றால் மகன். பின்னால் ஏழு வயதுப் பையன், செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டு. பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆற்ற பிள்ளை எண்டு தெரியும்தானே?" தெரியும் என்றேன். பிள்ளை வயதிலேயே போய்விட்ட அவர் மகன் ஒருவனின் கதை எனக்கும் தெரியும், அதனால் அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு மற்றப் பக்க வாங்கில் போய் இருந்தார்.

அம்மாவிடம் இரவு சொன்னேன். மத்தியானச் சாப்பாடு அவர் பொறுப்பு. நேவி என்றதும் போனில் ஊமையாகிப் போன அதே அம்மா. கொஞ்ச நேரம் பேசாமல் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "உறைப்புத் தின்னுமோ?" என்றார்.

நன்றாகவே தின்றான். நாங்கள் எண்ணும் முறை, பிள்ளைகளே வரிசையில் நின்று ஒவ்வொருவராகத் தங்கள் எண்ணைக் கத்துவது. நான் பின்னால் நின்று முகத்தையும் பெயரையும் பார்ப்பேன், வெர்ஜினியாவில் வாங்கின சூடு. உயரப்படி நிறுத்தியதில் அவன் ஏழாவது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்து, ஆறு முடிந்ததும் ஒரு இடைவெளி. அவனுக்குத் தமிழ் எண் தெரியாது. முழித்துவிட்டுப் பெரிய குரலில் "ஹத!" என்றான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அடுத்த நாள் ‘ஏழு’ என்று சொல்லிக் கொடுத்தேன், அந்த ழகரம் அவனுக்கு வரவில்லை. எங்கள் பிள்ளைகள் பாதிப் பேருக்கும்தான் வராது. ஹத என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிளித்தட்டில் பேய்த்தனமாக ஓடுவான். அவனைத் தங்கள் பக்கம் எடுக்க இரண்டு கட்சிக்கும் அடிபிடி. நாலு நாள் வந்தான். ஐந்தாம் நாள் அவன் தாய் மட்டும் வந்தார். கையில் ஒரு பக்கற் பிஸ்கட். புருஷனுக்கு மாற்றம் வந்துவிட்டது, காலிப் பக்கம், லொறி வெளியில் நிற்கிறது என்றார். நான் எட்டிப் பார்த்தேன். லொறியின் முன் சீற்றில் தகப்பனுக்கும் டிரைவருக்கும் நடுவில் இருந்தான். கை காட்டினேன். அவனும் காட்டினான், அவ்வளவு பெரிதாக ஒன்றும் இல்லை. போய்ப் பழகிய பிள்ளை.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினேன். அவன் இடத்துக்கு எல்லாரும் ஒரு அடி முன்னால் நகர்ந்தார்கள். குவைத்துக்காரி இப்போது ஏழாவது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

"ஹத!" என்று கத்தினாள்.

எட்டு, ஒன்பது என்று வரிசை போய்க்கொண்டே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. காம்ப் முடியும்வரை ஏழு அப்படித்தான் வந்தது.